சம்பந்தியம்மாவோடு பேச எவ்வளவு ஜெர்மன் வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 52. மகன் ஜெர்மனியில் இருக்கிறான். மருமகள் அந்த நாட்டுப் பெண். அவளோடு ஆங்கிலத்தில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு ஜெர்மனைத் தவிர வேறு மொழி தெரியாது. வீடியோ காலில் இருவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். இதற்காகவே ஒரு செயலியில் தினமும் பத்து நிமிடம் ஜெர்மன் படிக்கிறேன். ஒருநாள்கூட விடாமல் 400 நாள் ஆகிவிட்டது. செயலியில் கேட்பதற்கெல்லாம் சரியாகப் பதில் போடுகிறேன். ஆனால் அந்த அம்மாள் பேசினால் ஒரு வார்த்தை பிடிபடுவதில்லை, என் வாயிலிருந்தும் ஒன்றும் வருவதில்லை. செயலி ஆங்கில வழியில் சொல்லித்தருகிறது. என் ஆங்கிலமே சுமார்தான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால், அதன் பாலைப் பொறுத்து வரும் டெர், டீ, தாஸ் மூன்றும் மனதில் நிற்கவே மாட்டேன் என்கின்றன. 'இந்த வயசுல மொழி ஏறாது' என்கிறார் என் கணவர். விட்டுவிடட்டுமா, வகுப்பில் சேரட்டுமா? தேர்வு ஏதாவது எழுதினால் நல்லதா?

பதில்: விட வேண்டாம். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்; உங்கள் மனக்குறையில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

400 நாள், நாளுக்குப் பத்து நிமிடம். மொத்தம் 4,000 நிமிடம், அதாவது 67 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 45 நிமிட வகுப்புகளாகப் பிரித்தால் சுமார் 89 வகுப்பு. ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிடியூட் தரும் கணக்குப்படி, ஏ1 என்கிற முதல் படியை எட்டவே 80 முதல் 200 வகுப்புகள் ஆகும். ஓரளவு தாராளமாகப் பேசக்கூடிய பி1 படிக்கு 350 முதல் 650. இதுவும் ஆசிரியர் எதிரில் நின்று கேள்வி கேட்டு, நாம் பதில் சொல்லித் திணறும் வகுப்புகளின் கணக்கு. 400 நாள் என்றதும் மலைப்பாக இருக்கிறது. உண்மையில் நீங்கள் முதல் படியின் வாசலில்தான் நிற்கிறீர்கள். வாசலில் நிற்பவருக்குச் சம்பந்தியம்மாவின் சரளமான பேச்சு புரியவில்லை என்றால் அது மூளையின் கோளாறு இல்லை.

வயது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. அந்தக் கால்வாசியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் என்ற மூவர் சுமார் 6.7 லட்சம் பேரின் ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இலக்கணத்தைத் தன்னையறியாமல் உள்வாங்கும் திறன் ஏறக்குறைய 17 வயதுவரை குறையாமல் இருந்து, அதன் பிறகு இறங்குகிறது என்பது அதில் கண்டது. ஆக, அந்த நாட்டில் பிறந்தவரைப் போல அட்சரசுத்தமாக நீங்கள் பேசப்போவதில்லை. உச்சரிப்பில் தமிழ் வாடை கடைசிவரை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே! சம்பந்தியம்மா உங்களை ஜெர்மன்காரி என்று நம்ப வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

மீதி முக்கால்வாசி உங்கள் பக்கம். ஸ்னோ, ஹூஃப்னாகல்-ஹோலே என்ற இருவர் நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசும் குடும்பங்களை ஓராண்டு கவனித்து 1978இல் எழுதினார்கள். தொடக்க மாதங்களில் டச்சு மொழியை வேகமாகப் பிடித்தவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும்தான். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் பின்னால் இருந்தார்கள். குழந்தைகள் கடைசியில் முந்திவிடுவது நிஜம். அதற்கு அவர்கள் விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த மொழியிலேயே புரளுவதும் ஒரு காரணம். தினம் பத்து நிமிடம் செயலி மட்டும் தட்டும் குழந்தை பெரிதாக எதுவும் கற்றுக்கொள்ளாது. நம் ஊரறிந்த வீரமாமுனிவரையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1680இல் இத்தாலியில் பிறந்தவர். தமிழ் காதில் விழத் தொடங்கும்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. 1726இல் தேம்பாவணி வந்துவிட்டது. அவரைக் காட்டி உங்களை மிரட்டவில்லை. அவருக்கு அதுவே முழுநேர வாழ்க்கை. ஆனால் 'பெரியவர்களுக்கு ஏறாது' என்று யாராவது சொன்னால் பதிலுக்குச் சொல்ல ஒரு பெயர் கையில் இருக்கட்டும்.

ஆக, கோளாறு வயதில் இல்லை. பயிற்சி செய்யும் விதத்தில் இருக்கிறது. செயலியில் ஒரு பயிற்சியைத் திறந்து நீங்கள் செய்வதை நிதானமாகக் கவனியுங்கள். மேலே ஓர் ஆங்கில வாக்கியம். கீழே ஏழெட்டுக் கட்டங்களில் ஜெர்மன் சொற்கள். அவற்றைத் தட்டி வரிசைப்படுத்துகிறீர்கள். விடை முழுவதும் திரையிலேயே இருக்கிறது. உங்கள் வேலை அதை அடையாளம் காண்பது மட்டும். பாட்டைக் கேட்டதும் 'இது இன்ன ராகம்' என்று சொல்லிவிடுபவரை மேடையேற்றிப் பாடச் சொன்னால் என்ன ஆகும்? வீடியோ காலில் உங்களுக்கு நடப்பது அதுதான். அங்கே கட்டங்கள் இல்லை. வெறும் நினைவிலிருந்து சொல்லை இழுத்து வெளியே போட வேண்டும். அந்த இழுக்கிற வேலையை 400 நாளில் யாரும் உங்களைச் செய்யச் சொன்னதே இல்லை.

இது என் ஊகம் இல்லை. கார்ப்பிக், ரோடிகர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களைப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் அதை நினைவிலிருந்து மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். சொல்லிப் பார்ப்பதை அதோடு நிறுத்திக்கொண்டு, மறுபடி மறுபடி படிக்க மட்டும் செய்தவர்களால் அதில் பாதியைக்கூட எட்ட முடியவில்லை. படிப்பது கற்றதுபோல ஒரு திருப்தியைத் தருகிறது. தடுமாறித் தடுமாறிச் சொல்லிப் பார்ப்பது எரிச்சலாக இருக்கிறது. மனதில் நிற்பதோ எரிச்சல் தந்ததுதான்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் 'நேற்று நான் என்ன செய்தேன்' என்று ஐந்து ஜெர்மன் வாக்கியம் எழுதப் பாருங்கள். இரண்டு வரி வந்தாலே நல்லது. எழுத முடியாமல் நின்ற இடங்கள்தான் இனி உங்கள் பாடத்திட்டம். அவற்றை ஓர் ஆசிரியரிடமோ மருமகளிடமோ கேட்டு நிரப்பி, அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருபக்கம் தமிழ் வாக்கியம், மறுபக்கம் ஜெர்மன் வாக்கியம். தனிச் சொல் வேண்டாம், முழு வாக்கியமாகவே இருக்கட்டும். தமிழைப் பார்த்து ஜெர்மனை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். சரியாக வந்த அட்டையை மூன்று நாள் கழித்து எடுங்கள். அப்போதும் வந்தால் ஒரு வாரம் கழித்து. பிறகு இரண்டு வாரம். தவறினால் மறுநாளே மறுபடி. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் பிரபலப்படுத்திய பெட்டி முறை இதுதான். காசு செலவில்லை. கைபேசியிலேயே இதைச் செய்து தரும் இலவசச் செயலிகளும் உண்டு. ஆனால் அட்டைகளை நீங்களே எழுதுங்கள். அடுத்தவர் தயாரித்த ஐயாயிரம் சொல் பட்டியலை இறக்கிக்கொள்ளாதீர்கள்.

அட்டையில் தமிழ் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலம் சுமார்தான் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. தமிழர்கள் ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு ஜெர்மனுக்குப் போவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தம். பல இடங்களில் நேர்வழி இருக்கிறது. ஜெர்மனில் குளிர்கிறது என்றால் 'மியர் இஸ்ட் கால்ட்' என்பார்கள். 'மியர்' என்றால் எனக்கு. 'எனக்குக் குளிர்கிறது' என்கிற அதே அமைப்பு. 'தாஸ் கெஃபெல்ட் மியர்' என்றால் அது எனக்குப் பிடிக்கிறது, அங்கேயும் எனக்கு. ஆங்கிலத்தில் 'ஐ' என்று ஆரம்பித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் தலையைச் சொறிவார்கள். நமக்கு நான்காம் வேற்றுமை பிறந்ததிலிருந்து வாயில் இருக்கிறது. ஐ, கு என்று உருபு மாறுவதன் தர்க்கம் புதிதில்லை. ஜெர்மனில் உள்ள வேற்றுமை நான்குதான், நமக்கு எட்டு!

வினைச்சொல் வாக்கியக் கடைசிக்குப் போகிறது என்று ஜெர்மனைப் பற்றிப் புலம்பாத ஆளில்லை. நமக்கு அது சொந்த வீடு. 'வைல் இஹ் ஹொய்டெ கைனெ ட்ஸைட் ஹாபெ' என்று ஒரு துணை வாக்கியம். இன்று எனக்கு நேரம் இல்லாததால் என்று பொருள். காரணம் சொல்லும் 'வைல்' தலையில் நிற்கிறது, வினையான 'ஹாபெ' வாலில் நிற்கிறது. நடந்து முடிந்ததைச் சொல்லும்போதும் அப்படியே: 'இஹ் ஹாபெ கெஸ்டர்ன் ஐனன் ப்ரீஃப் கெஷ்ரீபன்'. நேற்று ஒரு கடிதம் எழுதினேன் என்பதில் 'எழுது' கடைசியில் வருகிறது. நமக்கு இடறுவது தனி வாக்கியம்தான். அங்கே வினை இரண்டாம் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். 'இன்று' என்று தொடங்கினால் அடுத்து வினை, அப்புறம்தான் எழுவாய்: 'ஹொய்டெ ஹாபெ இஹ் கைனெ ட்ஸைட்'. இந்த ஒன்றைக் கைக்குப் பழக்குங்கள். இன்று, நேற்று, நாளை, காலையில், பிறகு என்று தொடங்கும் வாக்கியங்களையே ஒரு மாதம் எழுதினால் போதும்.

ஒலிகளிலும் நமக்குச் சில சலுகைகள் உண்டு. குறில், நெடில் வேறுபாடு ஜெர்மனில் பொருளையே மாற்றும். 'ஷ்டட்' என்று குறுக்கினால் நகரம், 'ஷ்டாட்' என்று நீட்டினால் அரசு. நம் காதுக்கு இது பயிற்சியே தேவைப்படாத விஷயம். நமக்கு இல்லாதவை என்று பார்த்தால், மேலே இரட்டைப் புள்ளி வைத்த 'யு' முக்கியமானது. உதட்டை 'ஊ' என்பதற்குக் குவித்து, குவித்தது குவித்தபடி இருக்க உள்ளே நாக்கால் 'ஈ' சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று செய்யுங்கள். உதடு விரிந்தால் தவறு. இதேபோல 'ஓ' உதட்டோடு 'ஏ' சொன்னால் புள்ளி வைத்த 'ஓ' வந்துவிடும். இரண்டு நாள் வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள்.

டெர், டீ, தாஸ். தமிழருக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நம் மொழியில் பால் என்பது பொருளை ஒட்டிப் போகிறது. மேசை, விளக்கு எல்லாம் அஃறிணை, கதை முடிந்தது. ஜெர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியோ இரண்டும் இல்லாத மூன்றாம் பால். காரணம் தேடினால் பைத்தியம்தான் பிடிக்கும். சொல்லின் வாலைப் பார்த்துச் சிலவற்றைக் கண்டுபிடிக்கலாம். '-உங்', '-ஹைட்', '-கைட்', '-ஷாஃப்ட்' என்று முடிந்தால் 'டீ'. சின்னது என்று காட்டும் '-ஹென்' வால் இருந்தால் 'தாஸ்'. சிறுமி மூன்றாம் பாலுக்குப் போனது அந்த வாலால்தான். மற்றவற்றுக்கு ஒரே வழி, புதுச் சொல்லை எழுதும்போதே முன்னொட்டோடு எழுதி, முன்னொட்டோடு சொல்லிப் பழகுவது. இதற்கு மேல் இப்போது இதற்காக மெனக்கெட வேண்டாம். தப்பாகச் சொன்னாலும் மேசை மேசைதான் என்று அந்த அம்மாளுக்குப் புரியும். பேச்சின் நடுவில் டெர்ரா தாஸா என்று யோசித்து நின்றால்தான் பேச்சு அறுந்துபோகும்.

காதுப் பயிற்சி தனி. உங்களுக்கு ஏன் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை என்றால், செயலியின் குரல் ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைக்கிறது. மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை. 'இஹ் ஹாபெ' என்று நீங்கள் படித்தது பேச்சில் 'இஹ் ஹாப்' ஆகிவிடும். 'நிஹ்ட்' என்கிற 'இல்லை', கடைசி ஒலியை விழுங்கி 'நிஹ்' என்று போகும். 'ஹாஸ்ட் டூ' இரண்டு சொல்லும் ஒட்டி 'ஹாஸ்ட' என்று கேட்கும். நாம் 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டுப் 'போய்ட்ருக்கேன்' என்று பேசுவதில்லையா? தமிழ் கற்கும் வெளிநாட்டவர் படும் பாட்டை இப்போது நீங்கள் படுகிறீர்கள். போதாக்குறைக்கு, சம்பந்தியம்மா தெற்கு ஜெர்மனியின் பவேரியாவோ சுவாபியாவோ என்றால் வட்டாரப் பேச்சும் சேரும். எந்தப் பக்கத்துக்காரர் என்று மகனிடம் கேட்டுவையுங்கள்.

வீடியோ கால் என்பது நேரடிப் பரீட்சை. அங்கே பயிற்சி எடுக்க முடியாது. வாரம் ஒருமுறை, ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத குரல்பதிவு ஒன்றை அனுப்பச் சொல்லிச் சம்பந்தியம்மாவிடம் மருமகள் மூலம் கேளுங்கள். தோட்டத்தைப் பற்றி, வானிலையைப் பற்றி, எதைப் பற்றியாவது. அதை முதலில் எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். பிடிபட்ட சொற்களை மட்டும் எழுதுங்கள். பிறகு அந்தப் பேச்சை மருமகளையோ மகனையோ எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, எழுத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேளுங்கள். 'அட, இதுவா அது!' என்று ஐந்தாறு இடத்தில் தோன்றும். அந்த ஐந்தாறு இடங்கள்தான் அந்த வாரத்தின் லாபம். கடைசியாகப் பதிவோடு கூடவே நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்கள் நான்கு வாக்கியம் பேசி அனுப்புங்கள். தப்பு இருந்தால் இருக்கட்டும். குரல்பதிவில் ஒரு வசதி, பத்துத் தடவை திரும்பப் பேசிப் பார்த்து நல்லதை அனுப்பலாம். அந்தப் பத்துத் தடவைதான் உங்கள் உண்மையான பயிற்சி.

ஒரே குரலோடு நிற்கவும் கூடாது. ஜப்பானியப் பெரியவர்களுக்கு ஆங்கிலத்தின் 'ர', 'ல' ஒலிகளைப் பிரித்தறியப் பயிற்சி கொடுத்த ஆய்வு ஒன்று 1991இல் வந்தது. வளர்ந்து பெரியவரான பிறகும் காதைத் திருத்த முடியும் என்று காட்டிய ஆய்வுகளில் அது முக்கியமானது. அங்கே கைகொடுத்தது, ஒரே ஒலியைப் பல பேர் குரலில் கேட்க வைத்ததுதான். டாய்ச்சே வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் ஏ1 முதல் பி1 வரை இலவசமாகக் காணொளிப் பாடம் வைத்திருக்கிறது. நிறுத்தி நிதானமாக வாசிக்கும் செய்திகளும் அங்கே உண்டு, ஆனால் அது உங்களுக்கு இன்னும் ஓராண்டு கழித்துத்தான். இப்போதே கேட்டுவிட்டு மனம் தளர வேண்டாம்.

பேசும்போது தடுமாறினால் கைகொடுக்க மூன்று வாக்கியங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்படி வைத்திருங்கள். 'நோஹ் ஐன்மால் பிட்டெ' (இன்னொரு முறை), 'லாங்ஸாமர் பிட்டெ' (கொஞ்சம் மெதுவாக), 'வீ ஸாக்ட் மன் தாஸ் அவ்ஃப் டாய்ச்?' (இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது?). சிரித்துத் தலையாட்டிவிடுவது நம் பழக்கம். புரியாதபோது தலையாட்டினால் எதிராளி புரிந்ததாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிவிடுவார்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. நீ, நீங்கள் போல ஜெர்மனிலும் 'டூ', 'ஸீ' இரண்டு இருக்கின்றன. ஆனால் உறவு ஆகிவிட்டால் பெரும்பாலும் 'டூ'தான். சம்பந்தியம்மா உங்களை 'டூ' என்றால் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிலுக்கு நீங்களும் 'டூ' என்றே சொல்ல வேண்டும். வாய் கூசும், பழகிவிடும்.

வகுப்பா செயலியா என்று கேட்டிருந்தீர்கள். வகுப்பில் சேருங்கள், ஆனால் சேரும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மாணவரும் எத்தனை நிமிடம் வாய் திறக்கிறார் என்று கவனியுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் இலக்கண அட்டவணை நிரப்பிக்கொண்டே இருந்தால் அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடித்து, வாரம் இருமுறை அரைமணி நேரம் இணையத்தில் உங்களோடு மட்டும் பேசும் ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். செயலியை விட்டெறிய வேண்டியதில்லை. தினமும் உட்காரும் பழக்கத்தை அது தந்திருக்கிறது, பலருக்கு வாய்க்காத சொத்து அது. அந்தப் பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறைத்து, அட்டைக்குப் பத்து நிமிடம், காதுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். வேலை நெருக்கும் நாளில் அட்டை மட்டும் போதும்.

தேர்வைப் பொறுத்தவரை, சம்பந்தியம்மா சான்றிதழ் கேட்கப்போவதில்லை. விசாவுக்கோ வேலைக்கோ தேவைப்படாதபட்சத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. இருந்தாலும் தேதி குறித்தால்தான் படிப்பு நகரும் என்கிற சுபாவம் உங்களுக்கு இருந்தால் கோதே ஏ1 எழுதலாம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கும் உண்டு. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. பேசும் பகுதியில் பெயர், வயது, நாடு, இருப்பிடம், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்று உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்வார்கள். அந்த அறிமுகத்தையே உங்கள் முதல் குரல்பதிவாக இந்த வாரம் சம்பந்தியம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் திருப்பி ஏதாவது கேள்வி கேட்பார். தேர்வுக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை, அதற்குப் பதில் சொன்ன பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.